முதியோர் பராமரிப்பு இல்லம்: எதை வைத்து ஒப்பிடுவது?

பக்கவாதம் வந்து ஒரு கை, ஒரு கால் விழுந்துபோன அப்பா. மறதி நோயால் ராத்திரி முழுக்க எழுந்து நடக்கும் அம்மா. இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் முடிந்து வந்திருக்கும் மாமியார். இவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்காமல், பராமரிப்பு இல்லம் தேடும் குடும்பங்கள் இன்று ஏராளம். மூன்று நான்கு இடங்களுக்குப் போன் போட்டு மாதம் எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு, ஏ.சி. உண்டா என்று விசாரிக்கிறார்கள். நேரில் போனால் பளிச்சென்ற வரவேற்பறை, பூஜை அறை, தோட்டம். திருப்தியாகிவிடுகிறது.

பராமரிப்பின் தரம் இவற்றில் தெரியாது. அந்த இல்லத்தில் இருப்பவர்களிலேயே மிகவும் முடியாதவர் யாரோ, அவருடைய உடம்பில்தான் தெரியும். அதைப் பார்க்கத் தெரிந்துகொண்டால், எந்த இரண்டு இல்லங்களையும் நம்மால் ஒப்பிட முடியும்.

அமெரிக்கா கற்ற பாடம்

அமெரிக்காவில் நர்சிங் ஹோம்களின் தரத்தை மக்களே ஒப்பிட்டுப் பார்க்க, முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரை நடத்தும் அமைப்பு 1998-ல் ஓர் இணையதளம் தொடங்கியது. 2008 டிசம்பரில் ஒவ்வோர் இல்லத்துக்கும் ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் தரும் முறை வந்தது. முன்னறிவிப்பு இல்லாத அரசு ஆய்வு, பணியாளர் எண்ணிக்கை, அங்கிருப்பவர்களின் உடல்நிலை ஆகிய மூன்றையும் வைத்து நட்சத்திரம் கணக்கிடப்படுகிறது.

ஆரம்பத்தில் ஆய்வு மட்டுமே வெளியாட்கள் செய்தது. மற்ற இரண்டு விவரங்களையும் இல்லங்களே எழுதிக் கொடுத்தன. தங்களுக்குத் தாங்களே நல்ல மதிப்பெண் போட்டுக்கொள்ள அது வழிவிட்டது. பத்திரிகைகள் இதை அம்பலப்படுத்தின. பிறகு 2016-ல் இருந்து சம்பளப் பதிவேட்டின் அடிப்படையிலேயே பணியாளர் கணக்கைத் தர வேண்டும் என்றாயிற்று. வார இறுதியில் எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள், எத்தனை பேர் வேலையை விட்டுப் போகிறார்கள் என்பதும் 2022 முதல் மதிப்பீட்டில் சேர்ந்துவிட்டது.

நம் ஊரில், இல்லம் வாரியாக மக்கள் எடுத்துப் பார்க்க அப்படியொரு அரசுப் பட்டியல் இல்லை. ஆனால் அங்கே அளக்கப்படுவதில் பெரும்பகுதியை ஒரு குடும்பம் கேட்டும் கண்ணால் பார்த்துமே தெரிந்துகொள்ளலாம். இல்லம் சொல்வதை மட்டும் நம்பாமல், பதிவேட்டைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

படுக்கைப் புண்: முதல் அளவுகோல்

ஒரே நிலையில் படுத்திருப்பவருக்கு எலும்பு துருத்தும் இடங்களில் ரத்த ஓட்டம் தடைபட்டுத் தோல் அழியத் தொடங்கும். முதுகின் அடிப்பகுதி, இடுப்பின் பக்கவாட்டு, குதிகால், பின்தலை ஆகியவைதான் முக்கியமான இடங்கள். தானாகப் புரள முடியாதவரைப் பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பது வழக்கம். ஈர டயப்பர் உடனுக்குடன் மாற்றப்பட வேண்டும். இரண்டும் ஒழுங்காக நடந்தால் பெரும்பாலான புண்களைத் தடுத்துவிடலாம்.

மற்ற வீட்டுப் பெரியவரின் உடையை விலக்கிப் பார்க்கும் உரிமை நமக்கு இல்லை. ஆனால் வார்டில் நடந்து போகும்போது கால்கள் கண்ணில் படும். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை கொடுத்து, குதிகால் மெத்தையில் படாமல் தூக்கி வைத்திருந்தால், அந்த இடத்தில் விஷயம் தெரிந்த நர்ஸ் இருக்கிறார் என்று அர்த்தம். கட்டிலருகே எந்த நேரத்தில் எந்தப் பக்கம் திருப்பினார்கள் என்று எழுதிய தாள் இருக்கிறதா என்று கேளுங்கள். நாள் முழுவதற்கும் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில் நிரப்பிய தாள் சந்தேகத்துக்குரியது.

நம்மவர்களின் மாநிறத் தோலில் ஆரம்ப நிலைச் சிவப்பு எளிதில் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிட அந்த இடம் கறுத்தோ, சூடாகவோ, கெட்டியாகவோ இருந்தால் அதுவே புண்ணின் தொடக்கம்.

எடை, தண்ணீர், விழுங்குதல்

மாதம் ஒருமுறை எடை பார்த்து எழுதி வைக்கிறார்களா? ஒரு மாதத்தில் 5 சதவீதமோ, ஆறு மாதத்தில் 10 சதவீதமோ எடை குறைந்தால் உடனே காரணம் தேட வேண்டும். 60 கிலோ இருந்தவர் அடுத்த மாதம் 57 கிலோ என்றால் அது வயதால் வந்த இளைப்பு என்று விட்டுவிடக் கூடாது. பல்வலி, மனச்சோர்வு, மாத்திரையின் பக்கவிளைவு, ஊட்டிவிட நேரமில்லாத பணியாளர் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம்.

இல்லத்தைச் சுற்றிப் பார்க்கச் சாப்பாட்டு நேரத்தில் போவதே நல்லது. பக்கவாதம் வந்தவரை நிமிர்த்தி உட்கார வைத்து, வாயில் இருப்பதை விழுங்கிய பிறகு அடுத்த வாய் கொடுக்க வேண்டும். சாப்பிட்ட பிறகும் அரை மணி நேரமாவது நிமிர்ந்த நிலையிலேயே இருக்க வேண்டும். படுக்க வைத்து அவசரமாகக் கஞ்சி புகட்டினால் அது நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரலாம். தண்ணீர் டம்ளர் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறதா, உதடும் நாக்கும் காய்ந்திருக்கின்றனவா என்று கவனியுங்கள். யூரின் பை சிறுநீர்ப்பையைவிடத் தாழ்வாகத் தொங்க வேண்டும். ஆனால் தரையில் கிடக்கக் கூடாது.

மாத்திரையால் அடக்குவதும் கட்டிப்போடுவதும்

பகல் பதினொரு மணிக்குக் கூடத்தில் எல்லோரும் தலை தொங்கத் தூங்கிக்கொண்டிருந்தால் அது அமைதியான இல்லம் என்று நினைத்துவிடாதீர்கள். மறதி நோய் உள்ளவர்களை அடக்கி வைக்க மனநோய் மாத்திரை கொடுக்கும் பழக்கம் பல நாடுகளில் உண்டு. அவர்களுக்கு அந்த வகை மாத்திரைகள் மரண அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-லேயே எச்சரித்தது. வேறு வழியில்லாதபோது மருத்துவர் யோசித்து, குறைந்த அளவில், குறைந்த காலத்துக்குக் கொடுப்பது வேறு. ஆள் போதவில்லை என்பதற்காகக் கொடுப்பது அநியாயம்.

கட்டிலோடு கை காலைக் கட்டுவதும் அப்படித்தான். கட்டி வைத்தால் விழ மாட்டார்கள் என்பார்கள். உண்மையில் தசை வலுவிழக்கும், புண் வரும், அவிழ்க்கப் போராடிக் காயப்படுவார்கள். ‘இங்கே யாரையாவது கட்டி வைப்பீர்களா, யார் உத்தரவில், எவ்வளவு நேரம்?’ என்று நேராகவே கேளுங்கள்.

ராத்திரியில் எத்தனை பேர்?

மொத்தப் பணியாளர் எண்ணிக்கையைவிட, இப்போது இந்த மாடியில் எத்தனை பேர் என்ற கேள்வியே முக்கியம். ராத்திரி இரண்டு மணிக்கு முப்பது பேருக்கு ஒரே ஓர் ஆயா என்றால், எவ்வளவு நல்ல மனசு இருந்தாலும் அவரால் எல்லோரையும் திருப்பிப் போட முடியாது. பயிற்சி பெற்ற நர்ஸ் ராத்திரியிலும் இருக்கிறாரா? மூச்சுத்திணறல் வந்தால் எந்த ஆஸ்பத்திரிக்கு, எந்த வண்டியில் போவார்கள்? முதல் பார்வை வேலை நாளில் என்றால், இரண்டாம் பார்வை ஞாயிறு மாலையாக இருக்கட்டும். ஆயாக்களிடம் இங்கே வந்து எவ்வளவு நாளாயிற்று என்று பேச்சோடு பேச்சாகக் கேளுங்கள். மாதாமாதம் ஆள் மாறும் இடத்தில் யாருக்கும் யாருடைய பழக்கமும் தெரியாது.

ஒப்பிடும்போது நியாயம் வேண்டும்

நடமாடும் முதியவர்களை மட்டும் சேர்க்கும் இல்லத்தில் படுக்கைப் புண்ணே இராது. படுத்த படுக்கையானவர்களை ஏற்கும் இல்லத்தில் சிலருக்கு இருக்கும். அதனால் புண் இருக்கிறதா என்பதோடு, வரும்போதே இருந்ததா, இங்கே வந்ததா, இப்போது ஆறுகிறதா என்றும் கேட்க வேண்டும். கீழே விழுந்தவர்கள் உண்டா என்ற கேள்விக்கு ‘ஒருவர்கூட இல்லை’ என்ற பதிலைவிட, ‘போன மாதம் ஒருவர் பாத்ரூமில் விழுந்தார், அதன்பிறகு கைப்பிடி வைத்தோம்’ என்ற பதில் நம்பத்தக்கது.

முதலில் உங்கள் பெரியவருக்கு என்ன தேவை என்று தெரிய வேண்டும். சென்னை கிண்டியில் 2024-ல் திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மருத்துவமனையிலோ, உங்கள் ஊரில் முதியோர் நல மருத்துவர் இருந்தால் அவரிடமோ முழுப் பரிசோதனை செய்து, மருந்துப் பட்டியலை எழுதி வாங்கிக்கொண்டு இல்லம் தேடுங்கள்.

சேர்த்த பிறகும் பொறுப்பு நம்முடையது

சேர்க்கும் நாளில் எடை, தோலின் நிலை, மருந்துகள் மூன்றையும் இரு தரப்பும் எழுதிக் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள். இல்லத்தின் பதிவுச் சான்றிதழைப் பாருங்கள். வாரம் ஒருமுறையாவது, சொல்லாமல், வெவ்வேறு நேரங்களில் போய் வாருங்கள். வெளியூரில் இருந்தால் உள்ளூர் உறவினர் ஒருவரை அனுப்புங்கள். வீடியோ காலில் முகம்தான் தெரியும், குதிகால் தெரியாது.

குறை தெரிந்தால் முதலில் பொறுப்பு நர்ஸிடம், பிறகு நிர்வாகத்திடம் எழுத்தில் சொல்லுங்கள். திருந்தவில்லை என்றால் மாவட்ட சமூக நல அலுவலகத்தை அணுகுங்கள். முதியோருக்கான 14567 என்ற கட்டணமில்லா உதவி எண்ணும் இருக்கிறது. பெற்றவர்களை இல்லத்தில் சேர்த்ததற்காகக் கூனிக்குறுகி, கேள்வி கேட்கவே தயங்கும் பிள்ளைகள் உண்டு. அந்தத் தயக்கத்தால் பாதிக்கப்படுவது படுக்கையில் இருப்பவர்தான். கேளுங்கள். கேட்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் அவரைத் திருப்பிப் படுக்க வைக்க யாரும் மறக்க மாட்டார்கள்.