தூர்ந்த குளமும் தொண்டர் மண்வெட்டியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் பழைய வீதிகள் வழியே செல்வோர் சிற்சில இடங்களில் நான்கு பொருள்கள் ஒருங்கே அமைந்திருக்கக் காண்பர். வழிப்போக்கர் இளைப்பாறுவதற்கு ஒரு மடம். தலைச்சுமையைப் பிறர் துணையின்றி இறக்கி வைத்தற்கு ஒரு சுமைதாங்கி. கால்நடைகள் உடம்பை உரோஞ்சித் தினவு தீர்த்துக்கொள்ள ஓர் ஆவுரோஞ்சிக் கல். இவற்றின் அருகே மனிதரும் மாடும் நீருண்ண ஒரு கேணி. பருத்தித்துறையிலுள்ள தெருமூடிமடம் வீதியையே தன் கூரையின் கீழ் அடக்கி நிற்கின்றது. கருவுற்ற நிலையில் இறந்துபோன பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி நாட்டும் வழக்கமும் தமிழர் நாடுகளில் இருந்தது. இறக்கி வைக்கப்படாத சுமையோடு போனவளுக்காகப் பிறர் சுமையை இறக்கிவைக்க ஒரு கல் நாட்டினர்.

இந்த நான்கினுள்ளும் மடத்தின் தேவை பேருந்து வந்தபின் குறைந்தது. சுமைதாங்கியின் தேவை ஏறத்தாழ இல்லாதொழிந்தது. கேணியின் தேவையும் குளத்தின் தேவையுமோ குறையவில்லை. முன்னிலும் பெருகியே இருக்கின்றன. ஆயினும் தூர்ந்தும் குப்பை நிறைந்தும் கிடப்பவை பல. குழாய்நீர் வருமென்று காத்திருக்கும் ஊருக்குக் குளம் எதற்கு என்று கேட்போர் உண்டு. அக்கேள்விக்கு விடை நிலத்துக்கு மேலே இல்லை, நிலத்துக்குக் கீழே இருக்கிறது.

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கையாறு எனப்படுவது மாரியில் மட்டும் ஓடி வற்றுவது. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை வடகீழ்ப் பருவக்காற்றுக் கொணரும் மழையே ஆண்டின் பெரும்பங்கு நீரைத் தருகிறது. அம்மழைநீரை ஏந்திக்கொள்வது சுண்ணாம்புக்கற் பாறை. கடற்பஞ்சினைப்போல் துளைகளும் வெடிப்புகளும் நிறைந்த அப்பாறையினுள் நீர் இறங்கித் தங்குகிறது. ஆனால் அந்நீருக்கு அடித்தளமாக அமைந்திருப்பது பாறையன்று, கடல்நீரே. நாற்புறமும் கடலும் கடனீரேரியும் சூழ்ந்த நிலமாதலின், பாறையின் ஆழத்தில் உவர்நீர் ஊடுருவி நிற்கிறது. அதன்மேல் மழைநீர் மிதக்கிறது. நடுவிலே தடித்தும் கரையோரங்களில் மெலிந்தும் ஒரு வில்லையின் வடிவில் அது கிடக்கின்றது.

இந்த மிதப்பின் கணக்கை 1880களின் இறுதியில் பாடன் கைபன் என்னும் ஒல்லாந்தரும், 1901இல் ஹேர்ஸ்பேர்க் என்னும் ஜேர்மானியரும் தனித்தனியே கண்டு கூறினர். நன்னீர் இலேசானது, கடல்நீர் சற்றுப் பாரமானது. நாற்பதில் ஒரு பங்கே வேற்றுமை. ஆகவே கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பதடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும். கேட்பதற்கு இனிய செய்தி. இதன் மறுபக்கம் அவ்வளவு இனியதன்று. மேலே ஓரடி நீர் குறைந்தால், காலப்போக்கில் கீழேயிருந்து நாற்பதடிக்கு உவர்நீர் எழுந்து வரும். கிணற்றிலே நீர் இருக்கிறது என்று மேலே நின்று எட்டிப் பார்ப்பவன் இதனைக் காண்பதில்லை.

புத்தூருக்கு அணித்தாயுள்ள நிலாவரைக் கிணறு இவ்வுண்மையை நேரிற் காட்டும். அடியில்லாத கிணறு என்று மக்கள் அதனைச் சொல்வதுண்டு. உண்மையில் அது சுண்ணாம்புக்கல் இடிந்து உண்டான ஆழ்ந்த பள்ளம். அதன் மேற்பகுதி நீர் நன்னீர். ஆழம் செல்லச் செல்ல உவர். வில்லையை நெடுக்காக வெட்டிக் காட்டியது போன்ற காட்சி அது. கீரிமலையிலோ இதே நிலத்தடி நன்னீர் கடலோரத்தில் ஊற்றாய் வெளிப்படுகிறது. அலைக்கு அருகே நன்னீராடலாம். அங்கே வெளிப்படுவது மழைக்காலத்தில் நிலம் விழுங்கிய நீரேயாகும்.

குளம் செய்யும் வேலை என்ன என்பது இப்போது விளங்கும். குடாநாட்டில் ஏறத்தாழ ஆயிரம் குளங்கள் உண்டென்பர். வன்னியிலே குளம் என்றால் அணைக்கட்டு, துருசு, வாய்க்கால், அதன் கீழ் வயல் என்று பொருள்படும். குடாநாட்டுக் குளமோ பெரும்பாலும் ஒரு பள்ளம். அதிலிருந்து நேரே பாயும் நீரைவிட, அதனூடாக நிலத்துள் இறங்கும் நீரே பெரிது. மாரியில் வீதிகளிலும் தோட்டங்களிலும் ஓடித் திரியும் வெள்ளத்தை மறித்து நிறுத்தி, கடலுக்குப் போகவிடாமல், ஆறுதலாக நிலத்துக்குக் குடிக்கக் கொடுப்பது அதன் தொழில். பங்குனியிலே குளம் வற்றிக் கிடக்கிறதே என்று வருந்துவோர் உளர். வெயில் கொண்ட பங்கு போக எஞ்சியது அயலிலுள்ள கிணறுகளுக்குச் சென்றுவிட்டது. வற்றிய குளம் தன் கடமையைச் செய்த குளமாகவும் இருக்கலாம்.

ஆனால் ஓடிவரும் வெள்ளம் மண்ணையும் கொண்டு வருகிறது. நுண்ணிய களிமண் குளத்தின் அடியிற் படிந்து, பூசி மெழுகியதுபோல் நீர் இறங்கும் வழியை அடைக்கிறது. முன்னாளில் இதற்கு ஓர் இயல்பான மருந்து இருந்தது. கோடையிற் குளத்து மண்ணை வெட்டி வண்டிகளில் ஏற்றித் தோட்டத்துக்கு எருவாகக் கொண்டு சென்றனர். தோட்டம் செழித்தது, குளமும் ஆழ்ந்தது. பொதுத்தொண்டு என்ற பெயர் அதற்கு எவரும் இடவில்லை. செயற்கை உரம் மூடைகளில் வந்தபின் குளத்து மண்ணைத் தேடுவார் இலராயினர். குளத்தை ஆழமாக வைத்திருந்த கைகள் விலகின.

ஏறத்தாழ அதே காலத்தில் இறைப்பு முறையும் மாறியது. துலா மிதித்துப் பட்டையால் இறைத்தபோது, மிதிப்பவனின் காலும் பிடிப்பவனின் கையும் சோரும் அளவே நீரும் வெளிவந்தது. அயலவர் முறைவைத்து உதவினாலன்றி ஒரு தோட்டத்துக்கு நீர் கட்டி முடியாது. எண்ணெயில் இயங்கும் நீரிறைக்கும் இயந்திரத்துக்குச் சோர்வில்லை, அயலவர் துணையும் வேண்டியதில்லை. உழவனின் முதுகெலும்பை அது காத்தது என்பதை மறுத்தல் நன்றியின்மை. எனினும் ஒரு கிணற்றில் விரைந்து இறைக்கும்போது, அதன் நேர்கீழே உவர்நீர் கூம்புபோல் எழுகின்றது. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இட்ட உரத்தின் எஞ்சிய பகுதியும், மலக்குழிகளிலிருந்து கசிவதும், அதே துளைப்பாறை வழியே கிணற்றுக்கு வருகின்றன. உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் ஓர் இலீற்றருக்கு 50 மில்லிகிராம் வரையே நைத்திரேற்று இருக்கலாமென்று எல்லை வகுத்துள்ளது. தோட்டச் செய்கை மிகுந்த பகுதிகளின் கிணறுகள் பல இவ்வெல்லையைத் தாண்டியமை ஆய்வுகளிற் கண்டது. புட்டிப்பால் உண்ணும் கைக்குழந்தைக்கு இந்நீர் ஆகாது; குருதி உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலை இழந்து, குழந்தையின் மேனி நீலம் பூப்பதுண்டு. நைத்திரேற்றுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. காய்ச்சினாலும் அது போகாது.

இனி, கைகளை மீண்டும் குளத்துக்குக் கொண்டு வருவது எவ்வாறு? இலங்கையில் இதற்கு ஒரு சொல் வழக்கில் உள்ளது: சிரமதானம். பொன்னும் நெல்லும் தானமாவதுபோல உழைப்பும் தானமாகும் என்பது அதன் கருத்து. 1958ஆம் ஆண்டில் கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியர் ஏ. ரி. ஆரியரத்தின தம் மாணவரைக் குருநாகல் மாவட்டத்துக் கணதொளுவ என்னும் கிராமத்துக்கு அழைத்துச் சென்றார். சாதியின் பெயரால் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த மக்கள் வாழ்ந்த ஊர் அது. நகரத்து மாணவர் அவர்களோடு தங்கி, அவர்களோடு மண் வெட்டினர். சர்வோதய சிரமதான இயக்கம் அங்கிருந்து வளர்ந்தது. 1969இல் மகசேசே விருதும், 1996இல் இந்தியாவின் காந்தி அமைதிப் பரிசும் அவருக்குக் கிடைத்தன; 2024இல் அவர் மறைந்தார். கணதொளுவவில் வெட்டிய மண்ணின் அளவு பெரிதன்று. யாரோடு நின்று வெட்டினர் என்பதே பெரிது.

குளத்தைப் பொறுத்தவரை வெட்டிய மண்ணின் அளவையும் பார்க்கத்தான் வேண்டும். ஓர் ஏக்கர் பரப்புள்ள குளத்தில் ஓரடி மண்ணை அகற்றினால், ஒருமுறை நிரம்பும்போது பன்னிரண்டு இலட்சம் இலீற்றருக்கு மேற்பட்ட நீர் கூடுதலாகத் தங்கும். நற்பலன்தான். ஆனால் அகற்ற வேண்டிய மண் 1,200 கனமீற்றருக்கு மேல். திடமான ஒருவர் நாளொன்றுக்கு இரண்டு கனமீற்றர் வெட்டிக் கரையேற்றுவதாக வைத்துக்கொண்டாலும், ஐம்பது பேர் பன்னிரண்டு நாள் விடாமல் உழைக்க வேண்டும். ஞாயிறு காலையிற் கூடி, நண்பகலில் உணவருந்திக் கலையும் கூட்டத்தால் இது முடியாது. முடியாததை முடிந்ததாகக் காட்ட முயலும்போதே தொண்டு கேலிக்கிடமாகிறது. கரையிலுள்ள புல்லைச் செருக்கிப் படமெடுத்துக்கொண்டு போன குளங்கள் அடுத்த மாரியில் முன்போலவே வெள்ளத்தை வீதியிற் கக்கின.

ஆகவே வேலையைப் பகுத்தல் வேண்டும். மண் அகற்றுவதை இயந்திரத்துக்கு விடலாம். அதற்குப் பணம் வேண்டும். பணம் கொடுக்க உள்ளூரிலும் வெளிநாட்டிலும் ஆட்கள் உளர். எவ்வளவு ஆழம் வெட்டுவது என்பதை நீரியல் அறிந்தவர் சொல்லல் வேண்டும். அடியிலுள்ள பாறை வெளித்தோன்ற வெட்டிவிட்டால், மண்ணில் வடிந்து தெளிந்து இறங்க வேண்டிய நீர் அழுக்கோடு நேரே இறங்கும். தன்னார்வத் தொண்டருக்கு உரிய வேலை வேறு. குளத்துக்கு நீர் வரும் வாய்க்கால்களே அது. வேலிகளுக்கிடையிலும் மதகுகளின் கீழும் வளைந்து வரும் அவ்வாய்க்கால்களுள் இயந்திரம் நுழையாது. ஓரிடத்தில் பொலித்தீன் அடைத்திருக்கும். ஓரிடத்தில் ஒருவர் மதிலை இரண்டடி தள்ளிக் கட்டியிருப்பார். அடைப்பை மண்வெட்டி எடுக்கும். மதிலுக்கு மண்வெட்டி போதாது. ஊரவர் கூடிச் சென்று பேச வேண்டும். குளப்பணியிலே மிகக் கடினமான பகுதி இதுவே. ஆழமாக வெட்டிய குளத்துக்கு நீர் வரும் வழி அடைபட்டிருந்தால், அது வெறும் பள்ளமே.

பணங் கொடுப்போரைப் பற்றியும் ஒரு சொல். நன்கொடை கண்ணுக்குத் தெரிய வேண்டுமென்று விரும்புவது மனித இயல்பு. பழைய கேணிக் கட்டுகளிலும் பெயர் பொறித்தவர் உளர். ஆனால் குளத்தின் நாற்புறமும் சீமெந்தாற் கட்டி, நடுவே சிலை நாட்டி, நடைபாதைக்குக் கல் பதித்தபின், அங்கே நீர் நிலத்துள் இறங்குவதற்கு இடம் சுருங்கிவிடுகிறது. அழகுக்கு இவை வேண்டாமென்பதில்லை. முதலில் வாய்க்கால், பின்பு அடிமண், அதன்பின் கரைமரம், மிச்சம் இருந்தால் வாங்கு என்று கொடுப்பவர் வரிசையிட்டுக் கேட்டால் போதும்.

பழைய அறங்களைப் புகழும்போது மறைக்கத் தகாத ஒன்று உண்டு. பொதுக் கிணறு என்று பெயர் பெற்ற கிணறுகளில் எல்லாருக்கும் அள்ள உரிமை இருக்கவில்லை. வாளியைத் தொட முடியாமல், பிறர் அள்ளி வார்க்கும்வரை குடத்தோடு வெயிலிற் காத்து நின்ற பெண்கள் அதே ஊரவரே. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் இதனைக் குற்றமாக்கியது. சட்டம் வந்த மறுநாளே வழக்கம் மாறிவிடவில்லை. இன்று ஒரு குளத்தைத் திருத்தப் புறப்படும் குழுவில், அக்குளத்தைச் சுற்றியுள்ள எல்லாக் குறிச்சிகளிலிருந்தும் ஆட்கள் இருக்கிறார்களா என்பது சில்லறைக் கேள்வியன்று. நிலத்தின் கீழே வேலியில்லை. ஒரு குறிச்சியின் குளத்தில் கொட்டிய கழிவு எண்ணெய் அடுத்த குறிச்சியின் கிணற்றில் மிதக்கும். 2014, 2015ஆம் ஆண்டுகளில் சுன்னாகத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் கண்டு மக்கள் பதறியதும், வீதியோரங்களில் தாங்கிகளில் நீர் வைத்து விநியோகித்ததும் பலர் நினைவில் இருக்கும்.

பெரிய திட்டங்களும் எண்ணப்பட்டன. நீர்ப்பாசனப் பொறியியலாளர் சண்முகம் ஆறுமுகம், ஆனையிறவுக் கடனீரேரியையும் குடாநாட்டு நீரேரிகளையும் நன்னீராக்கும் திட்டமொன்றை வகுத்தார். உவர்நீரைத் தடுக்கும் அணைகள் தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் எழுந்தன. திட்டம் முழுமை பெறவில்லை. பெருந்திட்டங்கள் அரசின் கைக்கும் காலத்தின் கைக்கும் உரியவை; அவை வரட்டும். வரும்வரை ஒரு மாரியையேனும் கடலுக்கு விட்டுவிடாமல் காப்பதில் ஊரவருக்கும் பங்குண்டு.

கரையில் மரம் நடுவதிலும் சிறிது யோசனை வேண்டும். மரநடுகை நாளில் நட்ட கன்று சித்திரையில் நீரின்றிக் கருகுவது எங்கும் காண்பது. பனைக்கு அந்தக் குறையில்லை. ஆவணி, புரட்டாசியிற் பனம்பழம் விழுங்காலத்தில் விதைகளைப் பொறுக்கி, கரையின் வெளிப்புறத்தில் மாரிக்கு முன் புதைத்துவிட்டால் மழையே வளர்த்துக்கொள்ளும். நீர் வார்க்கவும் வேலி கட்டவும் ஆள் வேண்டியதில்லை. முளையைக் கிழங்குக்காகக் கிளறுவோரிடமிருந்து காத்தலே காவல். பலன் தர பதினைந்து, இருபது ஆண்டு செல்லும் என்பதால் நடுவோர் குறைவு. குளக்கட்டின் உட்புறத்துக்கு மருதும், நிழலுக்கு வேம்பும் தகும்.

வேலை பயன்பட்டதா என்று அறிவதற்கும் அதிகச் செலவில்லை. குளத்தின் அயலிலுள்ள பத்துக் கிணறுகளில், முடிச்சிட்ட கயிற்றில் ஒரு கல்லைக் கட்டி இறக்கி, கட்டிலிருந்து நீர்மட்டம் எத்தனை அடியென்று மாதந்தோறும் ஒரே நாளிற் குறித்து வைக்கலாம். நீரைச் சுவைத்து உவர்ப்பையும் எழுதலாம்; ஆண்டுக்கொருமுறை ஒரு போத்தலில் எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பலாம். இதனைப் பாடசாலைப் பிள்ளைகள் செய்வர், பெரியவர்களைவிட ஒழுங்காகவும் செய்வர். குளம் வெட்டுமுன் ஓராண்டும், வெட்டியபின் இரண்டாண்டும் எழுதிய ஒரு கொப்பி இருந்தால், அடுத்த ஊரார் வந்து கேட்கும்போது காட்டுவதற்கு அதுவே போதும்.