எடை குறையுது... வயிறு ஏன் மக்கர் பண்ணுது?

திங்கட்கிழமை டயட் தொடங்குகிறது. காலையில் வெறும் வயிற்றில் எலுமிச்சைச் சாறு. இட்லிக்குப் பதில் முளைகட்டிய பயறு. மதியம் சோற்றுக்கு விடுமுறை. பெரிய கிண்ணம் நிறைய பச்சைக் காய்கறி. இரவு ஒரு டம்ளர் புரோட்டீன் பவுடர். புதன்கிழமை வயிறு பலூன் மாதிரி உப்புகிறது. வெள்ளிக்கிழமை ஆகியும் மலம் கழியவில்லை. சிலருக்கோ நேர்மாறாக, ஒரு நாளைக்கு நான்கு முறை ஓட்டம். ‘உடம்புல இருக்கிற நச்செல்லாம் வெளியே போகுது, பொறுத்துக்கோ’ என்று யாராவது ஆறுதல் சொல்வார்கள். அடுத்த திங்கட்கிழமை டயட் போய், பூரி மசால் வந்துவிடும்.

‘எனக்கு மன உறுதி பத்தாது’ என்று நம்மை நாமே திட்டிக்கொள்கிறோம். உண்மையில் பலருக்கும் டயட்டைக் கைவிட வைப்பது வயிறுதான். இந்த அவஸ்தைக்கும் நச்சு வெளியேறுவதற்கும் சம்பந்தமில்லை. கழிவுகளை அகற்றும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் தினமும் செய்துகொண்டுதான் இருக்கின்றன. பல வருடப் பழக்கத்தை ஒரே நாளில் மாற்றியதால், குடல் திணறுகிறது. அவ்வளவுதான்.

வயிறு உப்புவது ஏன்?

பயறு, கொள்ளு, கொண்டைக்கடலை போன்றவற்றில் உள்ள ஒருவகைச் சர்க்கரையைச் செரிக்கும் என்சைம் மனிதர்களுக்கு இல்லை. அது அப்படியே பெருங்குடலுக்குப் போகிறது. அங்குள்ள பாக்டீரியாக்கள் அதை நொதிக்க வைப்பதால் வாயு உண்டாகிறது. இரவு முழுவதும் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் நன்றாக வேகவைத்தால் தொல்லை குறையும். பச்சையாகச் சாப்பிடும் முளைப்பயறு ஒத்துக்கொள்ளவில்லையா? ஆவியில் வேகவைத்துச் சாப்பிடுங்கள். ஒரு கிண்ணத்துக்குப் பதில் ஒரு கைப்பிடியில் தொடங்குங்கள்.

மலச்சிக்கலுக்கு மூன்று காரணங்கள்

சாப்பாட்டின் அளவு குறைந்தால் மலத்தின் அளவும் குறையும். அதனால் இரண்டு நாளுக்கு ஒருமுறை போனாலும், சிரமமில்லாமல் போனால் பயப்பட வேண்டாம்.

இரண்டாவது காரணம் தண்ணீர். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். நல்ல விஷயம்தான். ஆனால், நார்ச்சத்தைக் கூட்டிவிட்டுத் தண்ணீரைக் கூட்டாவிட்டால் மலம் இறுகும். சியா விதை, இசப்கோல் போன்றவை தண்ணீரை இழுத்து ஊதக்கூடியவை. அவற்றை உலர்வாக வாயில் போடவே கூடாது. தண்ணீரில் கலந்துதான் சாப்பிட வேண்டும்.

மூன்றாவது, காலை உணவைத் தவிர்ப்பது. வயிற்றில் உணவு விழுந்ததும் பெருங்குடல் அசையத் தொடங்கும். காலை டிபன் முடித்ததும் பலருக்குக் கழிவறைக்குப் போகத் தோன்றுவது இதனால்தான். இனி மதியம்தான் முதல் சாப்பாடு என்றால், குடல் அந்தப் புது நேரத்துக்குப் பழகச் சில நாள்கள் ஆகலாம்.

ஓட்டமும் எரிச்சலும்

‘சுகர் ஃப்ரீ’ மிட்டாய், சாக்லேட், சூயிங்கம் சிலவற்றில் சார்பிடால், மால்டிடால் போன்ற இனிப்புகள் இருக்கும். இவை முழுதாக உறிஞ்சப்படாமல் குடலுக்குள் தண்ணீரை இழுக்கும். அளவு மீறினால் பேதியாகும். பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வே புரோட்டீன் பவுடரிலுள்ள லாக்டோஸும் இதையே செய்யும். பவுடருக்குப் பதில் முட்டை, வேகவைத்த பருப்பு, மீன் போதும்.

வெறும் வயிற்றில் எலுமிச்சை, ஆப்பிள் சிடர் வினிகர் குடித்து நெஞ்செரிச்சல் வருகிறதா? நிறுத்திவிடுங்கள். அவற்றில் கொழுப்பைக் கரைக்கும் மாயம் எதுவும் இல்லை.

‘டீடாக்ஸ் டீ’ பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். பலவற்றில் சென்னா இருக்கும். திருநெல்வேலிச் சீமையிலிருந்து பல நாடுகளுக்கு ஏற்றுமதியாகும் நம்ம ஊர் நிலாவரைதான் அது. நல்ல மலமிளக்கி. ஆனால், எடை குறைக்கும் மருந்து அல்ல. சாப்பாட்டின் கலோரியைச் சிறுகுடல் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிடும். சென்னா வேலை செய்வது பெருங்குடலில். எடை மெஷினில் குறைவது வெறும் தண்ணீர். தொடர்ந்து குடித்தால் உடலில் பொட்டாசியம் குறையும் ஆபத்தும் உண்டு.

எடை குறைக்க ஊசி போட்டுக்கொள்பவர்களுக்குக் குமட்டலும் மலச்சிக்கலும் அடிக்கடி வரும் பக்கவிளைவுகள். பரிந்துரைத்த டாக்டரிடம் சொல்லத் தயங்காதீர்கள்.

ஒரு வாரம், ஒரு மாற்றம்

முதல் வாரம் இரண்டாம் முறை சோறு வாங்குவதை நிறுத்திவிட்டு, ஒரு கரண்டி பொரியல் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் ஒருவேளை மட்டும் சிறுதானியம். அதற்கடுத்த வாரம் மாலை பஜ்ஜிக்குப் பதில் ஒரு கைப்பிடி சுண்டல். இப்படிப் படிப்படியாகப் போனால் எது ஒத்துக்கொள்ளவில்லை என்பதும் தெரிந்துவிடும். சாப்பிட்டதும் பத்து நிமிடம் நடந்தால் வாயு கலையும். சர்க்கரை நோய்க்கு மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள், சிறுநீரக, இதயப் பிரச்னை உள்ளவர்கள் உணவையோ தண்ணீரையோ மாற்றும் முன் டாக்டரைக் கேட்க வேண்டும்.

வாரத்துக்கு அரை முதல் ஒரு கிலோ குறைவதே பாதுகாப்பான வேகம். கல்யாணத்துக்குள் பத்து கிலோ என்று பட்டினி கிடந்தால் பித்தப்பையில் கல் உருவாகும் வாய்ப்பு அதிகம். எண்ணெய், நெய்யை அடியோடு ஒதுக்கினால் பித்தப்பை சரியாகச் சுருங்காமல் பித்தநீர் தேங்குவதும் அதற்கொரு காரணம். வலது விலா எலும்புக்குக் கீழே வலித்து, முதுகுக்கோ வலது தோளுக்கோ பரவினால், ‘கேஸ் டிரபிள்’ என்று சோடா குடித்துவிட்டுப் படுக்காதீர்கள்.

இவை இருந்தால் காத்திருக்க வேண்டாம்

மலத்தில் ரத்தம், தார் போன்ற கறுப்பு மலம், நிற்காத வாந்தி, காய்ச்சலோடு வயிற்றுவலி, கண்ணில் மஞ்சள், விழுங்குவதில் சிரமம், தூக்கத்தைக் கலைக்கும் வலி ஆகியவற்றில் எது இருந்தாலும் உடனே டாக்டரைப் பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு. பெரிதாக எந்த டயட்டும் இல்லாமலே எடை மளமளவென இறங்கினால், ‘பரவாயில்லையே, இளைச்சுட்டியே!’ என்று நாலு பேர் பாராட்டுவார்கள். அந்தப் பாராட்டில் மயங்கி, கூடவே வரும் வயிற்றுவலியை வீட்டில் மறைப்பவர்கள் இருக்கிறார்கள். காரணமின்றிக் குறையும் எடை, உள்ளே இருக்கும் நோயின் அறிகுறியாக இருக்கலாம். உங்கள் அம்மாவோ அப்பாவோ அப்படி இளைத்திருந்தால், ‘வயிறு எப்படி இருக்கு?’ என்று இன்றே ஒரு வார்த்தை கேளுங்கள்.