மல்லர் கம்பம்

பெங்களூரில் வளரும் உங்களுக்குக் ‘கம்பம்’ என்னும் சொல் புதிதன்று. கன்னடம் பேசும் உங்கள் நண்பர்கள் தூணைக் ‘கம்ப’ என்பர். மராத்தியர் ‘காம்ப்’ என்பர். ‘மல்லர்’ என்போர் மற்போர் செய்யும் வீரர். அவ்வீரர் தம் உடலுக்கு உரமேற்றத் தரையில் நட்டுப் பழகிய தூணே மல்லர் கம்பம். இத்தலைப்பைக் கரும்பலகையில் எழுதியவுடன், “மின்கம்பமா?” என்று கேட்ட மாணவனும் உண்டு. அவனுக்கான விடை இப்பாடத்தின் பிற்பகுதியில் இருக்கிறது.

தேக்கு போன்ற வைரம் பாய்ந்த மரத்தை வழவழப்பாகக் கடைந்து இக்கம்பத்தைச் செய்வர். தரைக்கு மேல் எட்டு அடிக்குக் குறையாத உயரம் இருக்கும். அடிப்பகுதியின் சுற்றளவு ஏறத்தாழ அரை மீட்டர். மேலே செல்லச் செல்லக் கம்பம் சிறுத்து, கழுத்துப் போல ஒடுங்கி, உச்சியில் ஓர் உருண்டைத் தலையோடு முடியும். வீரர் அதில் ஏறுவார், சுழல்வார், தலைகீழாகத் தொங்குவார், உச்சியில் ஒற்றைக்காலில் நிற்பார். காண்போருக்கு அது நடனம் போலத் தோன்றும். செய்வோருக்கோ உடலின் ஒவ்வொரு தசைக்கும் வேலை.

தமிழர் வாழ்வில் இதற்கு உறவுடைய விளையாட்டுகள் சில உண்டு. கோகுலாட்டமி விழாவில் எண்ணெய் தடவிய வழுக்கு மரத்தில் இளைஞர்கள் ஏறுவதை ஊருக்குச் சென்றபோது நீங்கள் கண்டிருக்கலாம். மூங்கிற்கழையின் மீது வித்தை காட்டுவோரைக் கழைக்கூத்தர் என்றனர். சங்க இலக்கியமாகிய குறுந்தொகையின் ஏழாம் பாடல், காற்றில் ஒலிக்கும் வாகை நெற்றுகளின் ஓசைக்குக் கயிற்றின் மேல் ஆடுவோரின் பறையொலியை உவமையாகக் கூறுகிறது. இவை பிழைப்பாகவும் விழாவாகவும் வாழ்ந்தவை. மல்லர் கம்பமோ வரிசைப்படி கற்பிக்கப்படும் பயிற்சியாக வளர்ந்தது.

அதன் பழைய சான்றுகளுள் ஒன்று நீங்கள் வாழும் கருநாடகத்தோடு தொடர்புடையது. கலியாணியைத் தலைநகராகக் கொண்ட சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் 12ஆம் நூற்றாண்டில் இயற்றிய ‘மானசோல்லாசம்’ என்னும் வடமொழி நூல், மல்லர்கள் தூணில் பயிற்சி செய்தமையைக் குறிப்பிடுகிறது. அக்கலியாணி இன்று பீதர் மாவட்டத்துப் பசவகல்யாண். பின்னர் இக்கலை மங்கிப்போயிற்று. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பேசுவா இரண்டாம் பாசிராவின் அவையில் உடற்பயிற்சி ஆசானாக இருந்த பாலம்பட்டதாதா தேவதர் அதற்குப் புத்துயிர் கொடுத்தார். மரத்தில் தாவிய குரங்குகளைப் பார்த்து அவர் இதைக் கற்றார் என்று மராத்திய நாட்டில் ஒரு கதை வழங்குகிறது. கதை எவ்வாறாயினும், குரங்கு கற்றுத்தரத் தகுதியான ஆசிரியர்தான்.

1958இல் தில்லியில் தேசிய அளவில் இது அரங்கேறியது. 2013இல் மத்தியப் பிரதேசம் இதனைத் தன் மாநில விளையாட்டாக அறிவித்தது. 2019இல் முதல் உலகப் போட்டி மும்பையில் நடைபெற்றது. தமிழ்நாட்டில் இவ்விளையாட்டு என்றவுடன் நினைவுக்கு வரும் ஊர் விழுப்புரம். உடற்பயிற்சி ஆசிரியர் உலகதுரை அங்குள்ள சிறுவர் சிறுமியருக்கு மல்லர் கம்பத்தைப் பழக்கினார். பெரிய அரங்கங்களுக்குப் பெயர்பெறாத அவ்வூரின் பிள்ளைகள் மாநிலம் கடந்து போட்டிகளுக்குச் சென்றனர். ஒரு பள்ளி ஆசிரியரின் விடாமுயற்சி ஓர் ஊருக்கே அடையாளம் தந்திருப்பது, ஆசிரியத் தொழிலில் இருக்கும் எனக்குத் தனி மகிழ்ச்சி தருகிறது.

கம்பத்திற்கு விளக்கெண்ணெய் தடவுவர். வழுக்கும் பொருளை ஏன் தடவ வேண்டும்? உலர்ந்த மரத்தில் உடல் உராய்ந்தால் தோல் சிராய்ந்துவிடும். எண்ணெய் அச்சூட்டைக் குறைக்கும். உடல் தடையின்றிச் சுழலவும் உதவும். அதே வேளையில் பிடி நழுவும் ஆதலால், தொடையும் கையும் பாதமும் இன்னும் இறுகப் பற்றக் கற்கும்.

நம் நகரத்தில் எஃகுக் கம்பத்தில் ஆடக் கற்பிக்கும் கூடங்களும் இக்காலத்தில் உள்ளன. அங்கு வழக்கம் நேர்மாறானது. எஃகில் எண்ணெய்ப் பசை சிறிதும் இருத்தலாகாது. கைகளில் வெண்தூள் பூசிக்கொள்வர். இரு கலைகளிலும் துணி வழுக்கும், தோலே பற்றும். அவர்கள் குறைந்த உடை அணிவதற்குக் காரணம் இதுதான். இதையறியாமல் நகைப்பது அறியாமை.

இனி, உடல் இக்கலையை எவ்வாறு கற்கிறது என்பதைக் காண்போம். பயிற்சி தொடங்கிய முதற்சில வாரங்களிலேயே வலிமை கூடியது போலத் தோன்றும். அப்போது தசை பெரிதாக வளர்ந்திருக்காது. இருக்கும் தசையிழைகளுள் மிகுதியானவற்றை ஒருங்கே வேலைக்கு அழைக்க நரம்புகள் கற்றுக்கொண்டிருக்கும். தசை கண்ணுக்குத் தெரியும்படி வளர மேலும் பல வாரங்கள் ஆகும். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணோ அதனினும் மெதுவாக உரம் பெறும். அதற்குக் குருதியோட்டம் குறைவு. இடர்ப்பாடு இங்கேதான் உள்ளது. ‘என்னால் முடிகிறதே’ என்று தசை சொல்லும். ‘இன்னும் ஆகவில்லை’ என்று தசைநாண் வாய்விட்டுச் சொல்லாது. ஆசானின் சொல்லை மீறி அடுத்த ஆசனத்திற்குத் தாவும் மாணவர், மணிக்கட்டிலும் தோளிலும் முழங்கையிலும் காயப்பட்டு, மாதக்கணக்கில் வீட்டில் அமர நேரிடும். ஆர்வம் மிக்க பிள்ளைகளுக்கே இத்துன்பம் மிகுதியாக நேர்கிறது.

நெகிழ்வுக்கும் இதே நிலை. தசையைச் சட்டென இழுத்தால், அறுந்துவிடாமல் காத்துக்கொள்ள அது தானே சுருங்கும். துள்ளித் துள்ளிக் குனிந்து கால்விரலைத் தொட முயல்வோர் இச்சுருக்கத்தோடு வீணே போரிடுகின்றனர். முதலில் ஓடியும் குதித்தும் உடலைச் சூடாக்க வேண்டும். பின்னர் மெல்லக் குனிந்து, தாங்கக்கூடிய எல்லையில் 15 முதல் 30 நொடிகள் மூச்சை இயல்பாக விட்டபடி நிற்க வேண்டும். நாள்தோறும் இவ்வாறு செய்தால் அந்த எல்லை சிறிது சிறிதாக நகரும். நேற்று எட்டியது இன்று எட்டாமற் போகும் நாள்களும் உண்டு. அது தோல்வியன்று, உறக்கம் குறைந்திருக்கலாம், தட்பவெப்பம் மாறியிருக்கலாம்.

பயிற்சிக்கு மறுநாளும் அதற்கடுத்த நாளும் தசைகளில் ஒருவகை நோவு இருக்கும். அது தானே தீரும். மூட்டில் குத்துவது போன்ற வலியோ வீக்கமோ வந்தால் அன்றே நிறுத்திப் பெரியோரிடம் கூற வேண்டும். இவ்விரண்டையும் பிரித்தறிவது மாணவர் கற்க வேண்டிய முதற்பாடம் என்பது என் கருத்து.

மரக் கம்பத்தோடு, தொங்கும் கம்பம், கயிறு என வேறு இரு வகைகளும் உள்ளன. கயிற்று வகை முன்பு பிரம்பில் ஆடப்பட்டது. நல்ல பிரம்பு கிடைப்பது அரிதானதால் பருத்திக் கயிறு வந்தது. சிறுமியர் பெரிதும் பழகுவது இதனையே. கால் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையே கயிற்றைப் பற்றி மேலேற வேண்டும். தொடக்கத்தில் அவ்விடம் எரியும். நாளடைவில் தோல் தடித்துவிடும். மராத்திப் பயிற்சிப் பெயர்கள் சுவையானவை. ‘சூயிதோரா’ என்பது ஊசியும் நூலும்: கையும் கம்பமும் அமைத்த வளையத்தினுள் உடல் நூல் போல நுழைந்து வெளிவரும். ‘வேல்’ என்றால் நம் முருகனின் வேல் அன்று. மராத்தியில் அதற்குக் கொடி என்று பொருள். வீரர் கொடி போலச் சுற்றி ஏறுவார். ஹிமானி பரப் என்னும் மும்பை வீராங்கனை இவ்விளையாட்டிற்காக 2021ஆம் ஆண்டின் அருச்சுனா விருது பெற்றார்.

மின்கம்பமா என்று கேட்ட மாணவனுக்கு இப்போது விடை கூறலாம். மின்கம்பம், சன்னற்கம்பி, எரிவாயுக் குழாய், கூரை மின்விசிறியில் கட்டிய துணி இவற்றில் எதிலும் பழகுதல் கூடாது. மல்லர் கம்பத்திற்குப் பயிற்றுநரும், கீழே தடித்த மெத்தையும் வேண்டும். இவை கிடைக்கும் வரை செய்யத்தக்கவை சில உண்டு. பெரியவர் ஒருவர் உடனிருக்கப் பூங்காவில் உள்ள கிடைக்கம்பியைப் பற்றித் தொங்குங்கள். முதல்நாள் பத்து நொடிகள் போதும். கைகள் தளருமுன் கால்களை ஊன்றி இறங்குங்கள். தொங்கிய நொடிகளை நாளும் கிழமையும் இட்டு இப்பயிற்சிநூலின் கடைசிப் பக்கத்தில் எழுதி வாருங்கள். ஆறு வாரம் கழித்து அப்பக்கத்தை வகுப்பில் படித்துக் காட்டலாம்.