வடிவமைப்பாளர் காலணி

வடிவமைப்பாளர் காலணி என்பது ஒரு வடிவமைப்பாளரின் பெயரிலோ அவரது நிறுவனத்தின் வணிகக் குறியிலோ, தனித்த தோற்றத்துடன் விற்கப்படும் விலையுயர்ந்த காலணி ஆகும். கல்லிலிருந்தும் முள்ளிலிருந்தும் பாதத்தைக் காக்க எளிய செருப்பே போதுமானது. எனவே இக்காலணி பெண்களை ஈர்ப்பதற்கான காரணத்தை, அதன் பயன்பாட்டைவிட, அணிபவரைப் பற்றி அது பிறருக்கு உணர்த்தும் செய்தியிலேயே காண வேண்டும்.

வரலாறு

16ஆம் நூற்றாண்டில் வெனிசு நகரப் பெண்கள் சோபீன் எனப்படும் மிக உயரமான அடிக்கட்டை கொண்ட காலணிகளை அணிந்தனர். 17ஆம் நூற்றாண்டில் பிரான்சு மன்னர் பதினான்காம் லூயியின் அவையில் சிவப்புக் குதி கொண்ட காலணி உயர்குடி ஆண்களின் அடையாளமாக விளங்கியது. உயர்குதி பெரும்பாலும் பெண்களுக்குரியதாக மாறியது பிற்காலத்திலேயே ஆகும். 1930களில் இத்தாலியரான சால்வத்தோரே பெரகாமோ தக்கையாலான ஆப்பு வடிவக் குதியைப் பரவலாக்கினார். 1950களில் பிரான்சைச் சேர்ந்த ரோசே விவியே, தியோர் நிறுவனத்துக்காக ஊசிக்குதிக் காலணிகளை வடிவமைத்தார். 1990களில் கிறித்தியான் லூபுத்தான் காலணியின் அடிப்பாகத்தைச் சிவப்பாக்கினார். மேற்பகுதி வேறு நிறத்தில் இருக்கும்போது அச்சிவப்பு அடி வணிகக் குறியாகப் பாதுகாக்கத்தக்கது என அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2012இல் தீர்ப்பளித்தது.

ஈர்ப்பும் விளைவும்

உயர்குதி உயரத்தைக் கூட்டி, நிற்கும் நிலையையும் நடையையும் மாற்றுகிறது. உடல் பருத்தாலும் மெலிந்தாலும் ஆடையைப் போலக் காலணி எளிதில் பொருந்தாமல் போவதில்லை. எளிதில் அடையாளம் காணத்தக்க குறி, அணிபவரின் வசதியையும் ரசனையையும் சொல்லாமல் சொல்கிறது. ஆயினும் உயர்குதியை அணியும்போது உடல் எடை பாதத்தின் முன்பகுதியில் கூடுதலாக விழுகிறது. நெடுங்காலம் தொடர்ந்து அணிந்தால் கெண்டைக்கால் தசை குறுகக்கூடும்.

கொங்கு நாட்டில்

கோயம்புத்தூர் உள்ளிட்ட கொங்கு நாட்டில் வீடு, கோயில், மணமேடை ஆகிய இடங்களுக்குள் காலணி அணிந்து செல்வதில்லை. எனவே மரபில் பாதத்தின் அழகும் தகுதியும் காலணியால் அன்றி, கொலுசு, மெட்டி, மருதாணி ஆகியவற்றால் வெளிப்பட்டன. சேலம் வெள்ளிக் கொலுசுத் தொழிலுக்குப் பெயர் பெற்றது. பழந்தமிழ்ப் பெண்கள் செம்பஞ்சுக் குழம்பு பூசிப் பாதங்களைச் சிவக்கச் செய்தனர்.

அதே வேளையில், காலணி அணியும் உரிமையே இங்குச் சாதித் தகுதியின் அடையாளமாகவும் இருந்துள்ளது. தோல் தொழிலை மரபாகச் செய்துவந்த அருந்ததியர் உள்ளிட்ட பட்டியல் சாதியினர், ஆதிக்கச் சாதியினர் வாழும் தெருக்களில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துச் செல்ல வேண்டும் என்ற கட்டுப்பாடு பல ஊர்களில் நிலவியது. பிறருக்காகச் செருப்புத் தைத்தவர்களே அதை அணிய இயலாத நிலை இது. திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் வட்டத்தில் உள்ள ராஜாவூரில், 2023 திசம்பரில், பட்டியல் சாதியினர் ஏறத்தாழ 60 பேர் அத்தகைய தெரு ஒன்றில் செருப்பு அணிந்து நடந்து அக்கட்டுப்பாட்டை மீறினர்.

பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் பொது இடங்களில் காலணி அணிவதைத் தடுப்பது, 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி தண்டனைக்குரிய குற்றமாகும். பதினான்காம் லூயியின் அவையில் காலணியின் நிறம் தகுதியைக் காட்டியது. கொங்கு நாட்டுத் தெருக்களிலோ காலில் செருப்பு இருப்பதே அதைக் காட்டியது.