தூண்டில் முள்ளும் கெளுத்தியின் முள்ளும்

தூண்டிலில் அகப்பட்ட கெளுத்தி இன மீனைக் கரைக்கு இழுப்பது எளிது. அதன் வாயினின்றும் தூண்டில் முள்ளைக் கழற்றுவதே கடினம். வங்காளம், அசாம், பீகார் ஆகிய பகுதிகளின் குளங்களிலும் நெல் வயல்களிலும் வாழும் ‘சிங்கி’ மீன் இதற்குப் பெயர் பெற்றது. தமிழகத்தில் இதுவே தேளி எனப்படும். பெயர் மிகப் பொருத்தமானதே.

மீசையே கொட்டுகிறது என்று எண்ணுவோர் உளர். மீசை, கலங்கிய நீரில் இரையைத் தடவியும் சுவைத்தும் அறிவதற்கான உறுப்பு. அதனால் ஒரு தீங்கும் இல்லை. அஞ்சத்தக்கவை துடுப்பு முட்களே. தேளிக்கு மார்புத் துடுப்புகளில் பக்கத்திற்கு ஒன்றாக இரண்டு முட்கள் உண்டு. சாதாரணக் கெளுத்திக்கு முதுகிலும் ஒன்று உண்டு. முள்ளைப் போர்த்திய தோலில் நச்சுச் சுரப்பிகள் உள்ளன. முள் தசையில் பாயும்போது அத்தோல் கிழிந்து, நஞ்சு புண்ணிற் கலக்கிறது.

முள்ளின் அடிப்பாகம் தோளெலும்பின் குழியிற் பொருந்தியிருக்கும் விதம் வியக்கத்தக்கது. மீன் அதனை விரித்துவிட்டால், கதவுக்குத் தாழிட்டாற்போல் அது அசையாது நின்றுவிடுகிறது, அழுத்தினாலும் மடங்குவதில்லை. மீன் இறந்த பின்னரும் முள் விரிந்தவாறே நிற்பதுண்டு. ஆகவே செத்த மீன்தானே என்று கூடைக்குள் கைவிடுவது தகாது. மேலும், தேளிக்குச் செவுளறையிலிருந்து உடலின் பின்பகுதி வரை நீண்ட இரு காற்றுப்பைகள் உள்ளமையால், நீரை விட்டு நெடுநேரமாகியும் அது உயிரோடு துள்ளும்.

முள்ளை மடக்க முயலாமல், அதன் பின்னே கையை வைப்பதே உபாயம். கையை நனைத்துக்கொண்டு, வாற்புறமிருந்து முதுகின்மேல் கொண்டுவந்து, கட்டைவிரலை ஒரு மார்பு முள்ளின் பின்னும் ஆள்காட்டி விரலை மற்றதன் பின்னும் அண்டக் கொடுத்துப் பிடிக்கவேண்டும். கெளுத்தியாயின் முதுகு முள் உள்ளங்கைக்கு முன்னால் நிற்குமாறு பார்த்துக்கொள்க. மெல்லிய துணியை நம்பவேண்டாம். முள் அதனைத் துளைத்துவிடும். பின்னர், நீண்ட மூக்குள்ள குறட்டால் தூண்டில் முள்ளின் தண்டைப் பற்றி, அது நுழைந்த வழியே திருப்பி எடுக்கலாம். அதன் எதிர்முள்ளை முன்னரே நசுக்கித் தட்டையாக்கியிருந்தால் வேலை இன்னும் எளிது. தொண்டைக்குக் கீழே விழுங்கப்பட்டதைப் பிடுங்க முற்பட்டால் குடல் கிழியும். மீனை மீண்டும் நீரில் விடுவதாயின், நரம்பை வாயருகே அறுத்து விடுவதே நன்று. உணவுக்காயின், மீன் செத்தபின் எடுத்துக்கொள்ளலாம்.

கொட்டு பட்டால் கடுப்புப் பொறுக்க முடியாததாகும். இந்நஞ்சு வெப்பத்தால் சிதையும் புரதம். எனவே காயத்தைக் கழுவி, சுமார் 45 டிகிரி செல்சியஸ் வெந்நீரில், தோல் வெந்துவிடாதபடி, 30 முதல் 90 நிமிடம் வரை அமிழ்த்தி வைப்பது பயன்தரும். நீரின் சூட்டைக் கொட்டுபடாத கையால் சோதிக்கவேண்டும்; வலியால் மரத்த கைக்குச் சூடு தெரியாது. முள்ளின் ஓரம் அரம் போன்றதாகையால் துணுக்கு உள்ளே ஒடிந்து தங்குவதுண்டு. வீக்கம் தணியாவிடினும் துணுக்கு இருப்பதாக ஐயுற்றாலும் மருத்துவரிடம் சென்று, இசிவு நோய்த் தடுப்பூசியும் போட்டுக்கொள்ளவேண்டும்.