இண்டர்லோக்: ஒரு சொல்லும் நாம் பேசாமல் விட்டதும்

சென்ற தீபாவளிக்கு முன்பு கிள்ளானில் பெரியம்மா வீட்டு அலமாரியைச் சுத்தம் செய்துகொண்டிருந்தோம். பழைய எஸ்.பி.எம். பயிற்சி நூல்களுக்கு நடுவே ஒரு தடித்த மலாய் நாவல் கிடைத்தது. புரட்டினேன். ஒரு பக்கத்தில் ஒரே ஒரு சொல்லை மட்டும் கறுப்பு மையால் அழுத்தி அடித்திருந்தார்கள்.

"யாருக்கா இதை அடிச்சது?"

"நான்தான். படிவம் அஞ்சுல. அந்தச் சொல்ல பார்க்கவே பிடிக்கல" என்றார் பெரியம்மா மகள்.

அந்த நாவல் 'இண்டர்லோக்'. உங்களில் பலர் அப்போது பாலர் பள்ளிக்குக்கூடப் போயிருக்க மாட்டீர்கள். எனக்கும் அதைப் பற்றிய நினைவு ஏதுமில்லை. ஆனால், 2011-ஆம் ஆண்டு முழுவதும் இந்த நாட்டில் அமைச்சர் முதல் உணவுக்கடை மேசை வரை எல்லாரும் இந்தப் புத்தகத்தைப் பற்றித்தான் பேசினார்களாம். படித்தவர்கள் எத்தனை பேர் என்பது வேறு விஷயம்.

எழுதியவர் அப்துல்லா ஹுசேன். 1920-இல் கெடா, யானில் பிறந்தவர். 1996-இல் தேசிய இலக்கியவாதி விருது பெற்றவர். சுதந்திரத்தின் பத்தாம் ஆண்டையொட்டி நடந்த நாவல் போட்டிக்காக இதை எழுதினார். ஆறுதல் பரிசு கிடைத்தது. 1971-இல் டேவான் பஹாசா டான் புஸ்தாகா வெளியிட்டது. மலாய்க்காரர் சேமானின் குடும்பம், சீனர் சிங் ஹுவாட்டின் குடும்பம், இந்தியர் மணியத்தின் குடும்பம் எனத் தனித்தனியாகத் தொடங்கி, கடைசிப் பகுதியில் மூன்றும் ஒன்றோடொன்று பிணைகின்றன. பெயரின் பொருளும் அதுதான். நோக்கம் ஒற்றுமை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

சிலாங்கூர், கோலாலம்பூர், புத்ராஜெயா, நெகிரி செம்பிலான் பள்ளிகளில் 2011 முதல் படிவம் 5 மலாய்மொழி இலக்கியப் பாடநூலாக இதன் மாணவர் பதிப்பு வந்தபோதுதான் தீப்பற்றியது. மணியமும் அவனோடு கப்பலில் வந்தவர்களும் 'பாரியா' சாதியினர் என்றும், இங்கே பிறரைத் தீட்டுப்படுத்திவிடுவோமோ என்ற பயமின்றி அவர்கள் பழக முடிந்தது என்றும் நாவல் சொல்கிறது. ம.இ.கா. நூலை மீட்டுக்கொள்ளச் சொன்னது. அரசு சாரா இயக்கங்கள் கூடின. பேராசை பிடித்தவர்களாகத் தங்களைக் காட்டியிருப்பதாகச் சீன அமைப்புகளும் குறைப்பட்டன. மறுபக்கம் மலாய் எழுத்தாளர்கள் கொதித்தார்கள்: சேமானின் அப்பாவை எழுதப் படிக்கத் தெரியாமல் நிலத்தை இழப்பவராகத்தானே காட்டியிருக்கிறார், யாரையும் விட்டுவைக்கவில்லையே, ஒரு தேசிய இலக்கியவாதியை இப்படியா நடத்துவது?

2011 பிப்ரவரி 27-ஆம் நாள் கோலாலம்பூரில் நடக்கவிருந்த கண்டன ஊர்வலத்தைப் போலீஸ் தடுத்தது, பலர் கைதானார்கள். அப்போதைய துணைப் பிரதமரும் கல்வியமைச்சருமான முகைதின் யாசின், திருத்தங்களோடு நாவல் தொடரும் என்றார். அதற்கென ஒரு குழு அமைந்தது. அந்த ஒரு சொல் நீக்கப்படும் என்று மார்ச்சில் அறிவிப்பு வந்தது. அது மட்டும் போதாது, மாற்ற வேண்டிய இடங்கள் இன்னும் பல உண்டு என்பது குழுவில் இருந்த மூன்று இந்தியர்களின் நிலைப்பாடு. ஆண்டு முடிவதற்குள் நாவல் பாடத்திட்டத்திலிருந்தே எடுக்கப்பட்டது.

இவ்வளவும் தேடினால் கிடைக்கும் தகவல். அக்காவின் வகுப்பில் நடந்ததை அவர்தான் சொன்னார். ஆசிரியர் அந்தப் பகுதிக்கே இன்னும் வரவில்லை. பத்திரிகைச் செய்தி முந்திக்கொண்டது. அதற்குமுன் அந்தச் சொல்லைப் பொதுவான வசவாக மட்டுமே அறிந்திருந்த பையன்களுக்கு, அது யாரைக் குறிக்கும் என்று இப்போது தெரிந்துவிட்டது. ஓய்வு நேரத்தில் ஒருவன் கத்த, மற்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். வகுப்பில் மூன்றே இந்தியப் பிள்ளைகள். இதே காலத்தில், 2011 தொடக்கத்தில், அமெரிக்காவிலும் இப்படி ஒரு சண்டை. மார்க் ட்வைனின் 'ஹக்கிள்பெரி ஃபின்' நாவலில் கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் சொல் வரும் 219 இடங்களில் 'அடிமை' என்று மாற்றி ஆலன் கிரிபென் என்ற பேராசிரியர் ஒரு பதிப்பு கொண்டுவந்தார். வகுப்பில் அந்தச் சொல்லை வாய்விட்டு வாசிக்க முடியவில்லை என்பது அவர் சொன்ன காரணம். வெள்ளையடிக்கிறார் என்று திட்டினார்கள். அக்காவின் கதையைக் கேட்ட பிறகு எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை.

ஆனால், அக்கா சொன்னதில் இன்னொரு பாதி உண்டு. அன்று வீட்டுக்கு வந்து அழுதபோது பாட்டி தேற்றினாராம்: "நீ ஏன் அழுவுற? நாம அவங்க இல்லையே."

இந்த வாக்கியம் எனக்குள் பல நாள் சுற்றிக்கொண்டிருந்தது. எதிர்ப்பாளர்களின் ஒரு வாதம் வரலாற்றுப்படி சரியானது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி பினாங்கிலும், இன்று போர்ட் கிள்ளான் எனப்படும் போர்ட் ஸ்வெட்டன்ஹாமிலும் இறங்கியவர்கள் ஒரே சாதியினர் அல்லர். கங்காணிகள் தங்கள் ஊரிலிருந்து ஆள் கூட்டி வந்தார்கள். பல சாதியினரும் வந்தார்கள். அதே சமயம், ஒடுக்கப்பட்ட சாதியினர் அவர்களில் கணிசமாக இருந்தார்கள் என்பதும் வரலாறுதான். அவர்களின் பேரப்பிள்ளைகளும் அந்த ஆண்டு படிவம் 5-இல்தான் உட்கார்ந்திருந்தார்கள். "நாங்கள் எல்லாரும் அந்தச் சாதி இல்லை" என்று மேடையில் ஒருவர் முழங்கும்போது, அந்தப் பிள்ளையின் காதில் அது எப்படி விழுந்திருக்கும்? பறை அடித்தவர்களின் பெயர் ஐரோப்பியர் வாயில் புகுந்து மலாயில் வசவானது நம் குற்றம் இல்லை. ஆனால், அந்தப் பெயரை முதலில் இழிவாக்கியது வெளியாள் இல்லையே. திருமணப் பேச்சு தொடங்கினால் "அவங்க என்ன ஆளுங்க?" என்று இன்றும் நாம் கேட்கிறோம், மலாய்க்கார எழுத்தாளர் சாதியைப் பற்றி எழுதினால் மட்டும் இங்கே சாதி இல்லை என்கிறோம்.

அதற்காக அப்துல்லா ஹுசேன் எழுதியது சரி என்று சொல்லவில்லை. நாவலின் மணியம் எனக்கு வெளியிலிருந்து பார்த்து வரைந்த ஆளாகத்தான் தெரிகிறான். சாதி அவன்மேல் ஒட்டிய அடையாளச் சீட்டாக இருக்கிறதே தவிர, அதனால் அவனுக்கு என்ன வலித்தது என்பது தெரியவில்லை. இதே கெடாவில், பீடோங்கில் பிறந்த கே.எஸ். மணியம் 1981-இல் ஆங்கிலத்தில் எழுதிய 'தி ரிட்டர்ன்' நாவலையும் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள். பெயர்ப் பொருத்தம் தற்செயல்தான். ஆனால், ஒருவர் நம் வீட்டை வாசலில் நின்று பார்க்கிறார், இன்னொருவர் சமையலறைக்குள் இருந்து எழுதுகிறார். வாசலில் நிற்பவருக்கும் எழுத உரிமை உண்டு. பதினேழு வயதுப் பிள்ளைகளுக்குப் பாடமாகத் தரும்போது அதை மட்டும் தந்ததுதான் கோளாறு என்று நினைக்கிறேன்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு தேநீர்க் கடையில் என் வகுப்புத் தோழியிடம் இதைச் சொன்னேன். மலாய்க்காரர், இலக்கியம் படிப்பவர். நாவலை எடுத்ததே தவறு என்பது அவர் கட்சி. "நீக்கியதால் என்ன கிடைத்தது? எங்களுக்கு உங்கள் சாதியைப் பற்றி இப்போதும் ஒன்றும் தெரியாது, அந்தக் கெட்ட வார்த்தை மட்டும் தெரியும்" என்றார். எனக்குப் பதில் இல்லை. அக்கா அனுபவித்த அந்த ஓய்வு நேரத்தைச் சொன்னேன். அவருக்கும் பதில் இல்லை. தேநீர் ஆறிப்போனது.

அக்கா இப்போது இடைநிலைப்பள்ளி ஆசிரியை. இந்த நாவலை இன்று நடத்தச் சொன்னால் நடத்துவீர்களா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"நடத்துவேன். ஆனா மொத ஒரு வாரம் புத்தகத்தையே திறக்க மாட்டேன். சாதின்னா என்ன, அது எப்படி கப்பல்ல வந்துச்சுன்னு பேசிட்டுத்தான்."

"பேச விடுவாங்களா?"

"மலாய்க்காரப் பெற்றோர் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்று சிரித்தார். "நம்ம ஆளுங்கதான் புகார் எழுதுவாங்க."