நடுப்பெயர்க் கட்டத்தில் யார்?

1964 அக்டோபர் 20. அமெரிக்காவின் ஓக்லண்ட் நகரில் ஒரு பெண் குழந்தை பிறக்கிறது. பிறப்புச் சான்றிதழில் முதலில் ஏறிய பெயர் கமலா ஐயர் ஹாரிஸ். இரண்டு வாரம் போல் கழிந்ததும் உறுதிமொழிப் பத்திரம் ஒன்று தாக்கலாகிறது. நடுவில் இருந்த ஐயர் எழுந்துகொள்ள, அந்த இடத்தில் தேவி வந்து உட்காருகிறாள். பின்னாளில் அமெரிக்கத் துணை அதிபரான கமலா தேவி ஹாரிஸ் இவர்தான். தங்கைக்கு மாயா லட்சுமி என்று வைத்தார்கள்.

அம்மாவின் பெயர் சியாமளா கோபாலன். மன்னார்குடிப் பக்கம் துளசேந்திரபுரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட பி.வி. கோபாலனின் மகள். ஆக, ‘கோபாலன்’ பரம்பரைப் பெயரே அல்ல, அப்பாவின் பெயர். இங்கே இனிஷியலாக முன்னால் நின்றது, அங்கே கடைசிக் கட்டத்துக்குப் போய்க் குடும்பப் பெயராகிவிட்டது.

இந்தக் கட்டச் சிக்கல் இன்று தமிழ்நாட்டில் பெண் குழந்தைக்குப் பெயர் தேடும் ஒவ்வொரு வீட்டுக்கும் வந்துவிட்டது. முதல் பெயர், நடுப்பெயர், கடைசிப் பெயர் என்று மூன்று கட்டம் வரைந்து நிற்கும் படிவத்தின் முன் ‘மு. கயல்விழி’ என்ன செய்வாள்? பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டத்தைப் போடுவதில்லை என்று 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்ட மண் இது. கட்டம் காலியாக இருக்கிறதே என்று அந்தப் பட்டத்தைத் தூசு தட்டி எடுத்து வருகிறவர்களும் உண்டு. எந்தப் படிவமும் சாதியைத்தான் நிரப்பு என்று கேட்கவில்லை.

காலியாக விட்டால் நடப்பது வேறு வேடிக்கை. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இல்லாதவர் அமெரிக்க விசா வாங்கினால், அவருடைய சொந்தப் பெயர் கடைசிப் பெயர் கட்டத்துக்கு நகர்ந்துவிடும். முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்.என்.யு.’ என்று மூன்று எழுத்து விழும். முதல் பெயர் தெரியாது என்பதன் சுருக்கம் அது. ஓட்டுநர் உரிமம், வங்கிக் கணக்கு என்று அந்த மூன்று எழுத்து கூடவே வரும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று பிறகு விளக்கம் வந்தது.

அப்பா பெயரைக் கடைசிக் கட்டத்தில் போட்டால் ஆபத்தில்லை, கொஞ்சம் கூச்சம்தான். விமான நிலையத்தில் ‘மிஸ் முருகேசன்’ என்று கூப்பிடுவார்கள். கயல்விழி தலையைத் தூக்கிக்கூடப் பார்க்க மாட்டாள். முருகேசனோ ஊரில் பைக்குக்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டிருப்பார். பான் அட்டையிலும் இதே கதை. அதன் பத்து எழுத்து எண்களில் ஐந்தாவது, கடைசிப் பெயரின் முதல் எழுத்து. கயல்விழியின் அட்டையில் அந்த இடத்தில் இருப்பது அப்பாவின் ‘எம்’.

அப்பா பெயர்தான் போட வேண்டுமா? இந்தி இயக்குநர் சஞ்சய் லீலா பன்சாலியின் ‘லீலா’ அவருடைய அம்மா. சட்டமும் அம்மா பக்கம் நகர்ந்திருக்கிறது. திருமணமாகாத தாய், குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்குத் தன் உறுதிமொழிப் பத்திரத்தை மட்டும் கொடுத்தால் போதும், அப்பா யாரென்று சொல்லக் கட்டாயமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் சொன்னது. கணவர் இறந்தபின் மறுமணம் செய்துகொண்ட ஒரு தாயின் வழக்கில், பிள்ளையின் குடும்பப் பெயரை முடிவு செய்யும் உரிமை அந்தத் தாய்க்கு உண்டு என்று 2022 ஜூலையில் தீர்ப்பளித்தது. பாஸ்போர்ட் விண்ணப்பத்திலும் பெற்றோரில் ஒருவர் பெயர் இருந்தால் போதும் என்று 2016 டிசம்பரிலேயே விதி மாறிவிட்டது. கவுண்டரில் ‘அப்பா பெயர் இல்லாமல் முடியாதும்மா’ என்று யாராவது சொன்னால், மறுப்பை எழுத்தில் கேட்கலாம்.

இனி, பொருத்தமான இரண்டாம் பெயர். ஓசை முக்கியம்தான். ‘யாழினி’ என்ற மூன்றெழுத்துக்குப் பின்னால் ‘நிலா’ நன்றாக இருக்கும். ‘யாழினி மோகினி’ என்றால் வகுப்பில் கேலிதான் மிஞ்சும். ஆனால் தமிழ்ப் பெற்றோர் காதால் கேட்டுப் பார்ப்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். கண்ணாலும் பார்க்க வேண்டும், அதுவும் ஆங்கில எழுத்தில். ‘ஸ்ரீநிதி’ பிறப்புச் சான்றிதழில் ஒரே சொல், ஆதாரில் ‘ஸ்ரீ’ தனி, ‘நிதி’ தனி. ஓர் இடைவெளிதான், கணினிக்கோ அவர்கள் இரண்டு பேர். எண் கணிதம் பார்த்துக் கூடுதலாகச் சேர்த்த ‘ஏ’யும் ‘எச்’சும் ஒரு சான்றிதழில் இருந்து இன்னொன்றில் விடுபட்டாலும் அதே கதிதான். இரண்டாம் பெயர் வைப்பதென்றால் அது தனிச் சொல்லா, ஒட்டிய சொல்லா என்பதை முதல் நாளே முடிவு செய்து ஒரு தாளில் எழுதி வைப்பது நல்லது. இனிஷியலையும் விரித்தே எழுத வேண்டும். பாஸ்போர்ட், பான் இரண்டும் ஒற்றை எழுத்தை ஏற்பதில்லை.

முடிவெடுக்க அவகாசம் உண்டு. பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், பெயர் இல்லாமலும் பதியலாம். 12 மாதத்துக்குள் பெயர் சேர்த்தால் கட்டணம் இல்லை. அதன்பின் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்துடன் சேர்க்கலாம். இந்த ஓராண்டை அவசரப்படாமல் பயன்படுத்திக்கொள்வதே புத்திசாலித்தனம். ஏனென்றால் 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்கு பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழ் ஒன்றே ஆதாரம். பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட், திருமணப் பதிவு என்று எல்லாம் அதிலிருந்துதான் தொடங்கும்.

தவறிப்போனால்? எழுத்துப் பிழை என்றால், 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15-ஆவது பிரிவின்படி பதிவாளரே திருத்தலாம். பெயரையே மாற்றுவதென்றால் தமிழ்நாடு எழுதுபொருள் அச்சுத் துறை வழியாக அரசிதழில் வெளியிட வேண்டும். பதினெட்டு வயது ஆகாதவருக்காகப் பெற்றோரோ பாதுகாவலரோ விண்ணப்பிக்கலாம். ஆதாரில் பெயர்த் திருத்தம் வாழ்நாளில் இரண்டு முறைதான். அதனால் அரசிதழைக் கையில் வாங்கியபின் ஆதாருக்குப் போவது நல்லது, முன்னால் போய் ஒரு வாய்ப்பை வீணாக்க வேண்டாம்.

கல்யாணத்தன்று இன்னொரு முறை இதே கேள்வி வரும். மதிப்பெண் பட்டியலில் அப்பா இனிஷியல், ரேஷன் கார்டில் கணவர் இனிஷியல், இரண்டும் ஒருவரே என்று நோட்டரியிடம் ஒரு பத்திரம். கணவர் பெயரைச் சேர்த்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பழைய பெயரிலேயே பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துக்கொள்ளலாம். யாழினி நிலா அப்போதும் யாழினி நிலாதான், மாமியார் வீட்டில் என்ன சொல்லிக் கூப்பிட்டாலும்.